ஆணுறுப்பில் ஆறாத புண்: கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பாவை வெள்ளை வேட்டி இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. வயலுக்குப் போனாலும் மடித்துக் கட்டிய நாலு முழ வேட்டிதான். ஒரு தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு, கறுப்புக் கட்டம் போட்ட கைலிக்கு மாறினார். "வயசாகுது, கைலிதான் வசதி" என்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கைலியை அவரே துவைத்தது சித்திக்கு உறுத்தியது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு துண்டைக்கூட அலசிப் போடாத மனிதர், விடியற்காலையில் மோட்டார் கொட்டகையில் தனியாக நின்று துணி துவைக்கிறார். ஒருநாள் கொடியில் கிடந்த கைலியை எடுத்து மடிக்கும்போதுதான், கட்டத்துக்குள் ஒளிந்திருந்த ரத்தக் கறை சித்தியின் கண்ணில் பட்டது.

அந்தப் புண் வந்து அதற்குள் ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு மூன்று விதம் தடவியிருக்கிறார், ஒரு வைத்தியரிடம் பத்தியம் இருந்திருக்கிறார். என்னிடம் சொன்னபோது தலையைத் தூக்கவே இல்லை. "மேகப்புண்ணுன்னு நெனச்சிட்டேன் தம்பி. இதை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு டாக்டர்கிட்ட காட்டுறது?"

அவருக்கு இருந்தது ஆணுறுப்புப் புற்றுநோய். அதற்குப் பிறகு நான் பேசிப் பார்த்தவர்களில் பலர் இந்த நோயைப் பற்றி மூன்று விஷயங்களை உறுதியாகச் சொன்னார்கள். ஒழுக்கம் கெட்டவனுக்கு வருவது. வந்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும். முதலாவதும் மூன்றாவதும் தவறு. இரண்டாவது, பெரும்பாலும் தாமதமாகப் போனவர்களின் கதை. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை, சித்தப்பாவுக்குப் புரியும்படி சொன்ன அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஒரு தோல் நோய்

தோலை ஒரு நாற்றங்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் செல்கள் புதுசு புதுசாக முளைத்துக்கொண்டே இருக்கும். முளைத்தது மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, காய்ந்து உதிரும். குதிகாலைக் கல்லில் தேய்த்தால் மாவு மாதிரி வருகிறதே, அது இப்படி உதிர்வதுதான். மேல்புறத்தில் மீன் செதிள் மாதிரித் தட்டையாக இருக்கும் இவற்றைச் செதிள் செல்கள் என்பார்கள். முளைப்பதும் உதிர்வதும் ஒரு கணக்கில் நடக்கும்வரை சிக்கல் இல்லை. ஏதோ ஒரு செல் அந்தக் கணக்கை மீறி, நிறுத்தாமல் பெருக ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் புற்றுநோய். ஆணுறுப்பில் வரும் புற்றுநோயில் நூற்றுக்கு 95 இந்தச் செதிள் செல்களில் தொடங்குவது.

தொடங்கிய இடத்தில் அது மேலோட்டமாகத்தான் இருக்கும். நம் வயலில் கோரை முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைத்தவுடன் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். விட்டுவைத்தால் மண்ணுக்குள் கிழங்கு கட்டிக்கொள்ளும், அப்புறம் மேலே எத்தனை முறை அறுத்தாலும் திரும்பி வரும். இந்த நோயும் அப்படித்தான். முதலில் தோலோடு நிற்கும். பிறகு தோலுக்கு அடியில் உள்ள பஞ்சு போன்ற திசுவுக்குள் இறங்கும். உறுப்பு விறைப்பதற்கு ரத்தத்தைத் தேக்கி வைக்கும் பஞ்சு அது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே சிகிச்சை முடிவாகிறது.

பெரும்பாலும் உறுப்பின் நுனியில் இருக்கும் மொட்டிலோ, மொட்டை மூடியிருக்கும் முன்தோலின் உட்புறத்திலோதான் தொடங்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அதிகம் என்றாலும் முப்பதுகளில் வந்தவர்களும் உண்டு. மேலை நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க ஏறக்குறைய 36 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்ததாகக் கணக்கு. எண்ணிக்கையில் அதிகம் பேர் நம் நாட்டில்தான். நமக்கு இது அரிய நோயும் அல்ல, அயல்நாட்டு நோயும் அல்ல.

ஏன் வருகிறது

சித்தப்பா முதலில் கேட்டது இதைத்தான். "நான் எந்தத் தப்பும் பண்ணலையே?"

முக்கியமான காரணம் முன்தோல் இறுக்கம். முன்தோலைப் பின்னால் தள்ள முடியாமல் வாய் சுருங்கிப்போவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். டாக்டர்கள் ஃபைமோசிஸ் என்பார்கள். தோலைத் தள்ள முடியாவிட்டால் உள்ளே கழுவ முடியாது. உதிர்ந்த செல்லும் எண்ணெய்ப்பசையும் சிறுநீர்த் துளியும் சேர்ந்து வெள்ளை வெள்ளையாக மாவு கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடாத மூலையில் பாசி படிவது போலத்தான். வருஷக்கணக்கில் உள்ளே அழற்சி இருந்துகொண்டே இருக்கும். புண்ணாவதும் ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக இருக்கும் தோலில், எங்கோ ஒரு செல் கணக்குத் தவறுகிறது.

இதில் சர்க்கரை நோய்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரை போகும்போது முன்தோலில் காளான் தொற்று அடிக்கடி வரும். தோல் வெடிக்கும், ஆறும்போது தழும்பாகி இறுகும். சின்ன வயதில் தாராளமாகத் தள்ள முடிந்த தோல் நாற்பது, ஐம்பது வயதில் தள்ள முடியாமல் போனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடக் கூடாது. சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். சர்க்கரை இருந்தது, தோல் இறுகியது, உள்ளே புண் வந்தது, இறுகிய தோல் அந்தப் புண்ணை மூடி மறைத்தது. தோலில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு படர்ந்து இறுக வைக்கும் வேறொரு நாள்பட்ட தோல் நோயும் உண்டு. அதுவும் ஆபத்தைக் கூட்டும்.

இரண்டாவது காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெண்களின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ். ஆணுறுப்புப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது காணப்படுகிறது. உடலுறவில் தொற்றுவதுதான், ஆனால் ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது அநியாயம். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, உடம்பு தானாகவே விரட்டிவிடும் வைரஸ் இது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. மற்ற பாதிப் பேருக்கு இந்த வைரஸே இல்லை. மேகநோய் என்று ஊர் சொல்லும் பால்வினை நோய்கள் வேறு, இந்தப் புற்றுநோய் வேறு.

மூன்றாவது புகையிலை. பீடி, சிகரெட்டின் நஞ்சு ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது, இங்கும் வருகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஆபத்தைக் கூட்டுவதாக இந்திய ஆய்வுகளே சொல்கின்றன. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை மென்றுவிட்டுப் போங்கள், புகையிலையை மட்டும் தொடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் சிறு வயதிலேயே சுன்னத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தவர்களுக்கு இந்த நோய் மிக அரிதாகத்தான் வருகிறது, ஏனென்றால் முன்தோல் இறுக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதற்காக எல்லோரும் இன்றைக்கே போய்ச் செய்துகொள்ள வேண்டும் என்று இல்லை. தோல் நன்றாகத் தள்ள வருகிறவர்கள் தினமும் குளிக்கும்போது தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவி, மறக்காமல் மறுபடி முன்னால் இழுத்துவிட்டால் போதும். பின்னாலேயே விட்டால் தோல் இறுகி வீங்கிவிடும். சின்னப் பையன்களுக்கு முன்தோல் இயற்கையாகவே ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானாகப் பிரியும். பாட்டிமார்கள் குளிப்பாட்டும்போது பலவந்தமாகத் தள்ளுவதைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இது தோலில் தொடங்கி ஆழமாக இறங்கும் நோய். நாள்பட்ட அழற்சி, தங்கிவிட்ட வைரஸ், புகையிலை, இந்த மூன்றும் அதற்கு உரம். ஒருவருக்கு வந்துவிட்டது என்பதை வைத்து அவருடைய நடத்தையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. அதுதான் பெரிய ஏமாற்று. வலித்திருந்தால் சித்தப்பா முதல் மாதமே போயிருப்பார்.

மொட்டிலோ முன்தோலிலோ ஒரு சிவந்த படை, மரு மாதிரி ஒரு தடிப்பு, ஓரம் மேடிட்ட ஒரு புண், தொட்டால் ரத்தக்கசிவு. தோல் இறுகியவர்களுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும், அல்லது நாற்றத்தோடு நீர் கசியும், கைலியில் கறை படும். சிலருக்குத் தொடை இடுக்கில் கட்டிதான் முதலில் தெரிகிறது. இதில் எது இருந்தாலும் புற்றுநோய்தான் என்று பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் சாதாரணத் தொற்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் டாக்டர் கண்ணால் பார்த்தாக வேண்டும். மருந்துக்கடைக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்தவை நிறைய. அவை சிவப்பை அடக்கும், அரிப்பை நிறுத்தும், ஆறுகிற மாதிரி காட்டும். அடியில் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும்.

வரிசையில் பெண்கள் நிற்கும்போது ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் என்ன சொல்வது என்று சித்தப்பா தயங்கினார். "சர்ஜரி" என்றோ "யூராலஜி" என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிறுநீரகக் கல்லுக்கும் அங்கேதான் போவார்கள், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

பயாப்ஸி: கத்தி பட்டால் பரவுமா?

நெற்பயிர் மஞ்சளடித்தால் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா? துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம், நோயாக இருக்கலாம். தூரோடு பிடுங்கிப் பார்க்காமல் மருந்தடித்தால் காசுக்குக் கேடு. இங்கும் அதேதான். எவ்வளவு அனுபவமுள்ள டாக்டராக இருந்தாலும் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி செய்ய ஒரே வழி, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இதுதான் பயாப்ஸி, தமிழில் திசுப் பரிசோதனை.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். சித்தப்பாவுக்குத் தோல் இறுகியிருந்ததால் மேல்பக்கம் சிறிதாகக் கீறித் திறந்துதான் உள்ளே பார்க்க முடிந்தது. திறந்தபோது மொட்டின் பக்கவாட்டில் புண் 3 சென்டிமீட்டருக்குப் படர்ந்திருந்தது. எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், அதனால்தான் முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பயாப்ஸி எடுப்பார்கள், சில மாதத்தில் நிலைமை மோசமாகும். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். உண்மையில் பரவல் முன்பே நடந்திருக்கும். இந்தப் பரிசோதனையால் இந்த நோய் பரவுவதில்லை. பரிசோதனை இல்லாமல் எந்த டாக்டராலும் சரியான சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது.

அறிக்கையில் நமக்கு வேண்டிய வார்த்தைகள் இரண்டு. ஒன்று, தரம், அதாவது கிரேடு: செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக மாறியிருக்கின்றன என்பது. 1 என்றால் சாது, 3 என்றால் முரடு. இன்னொன்று, நிலை, அதாவது ஸ்டேஜ்: நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு "தேர்டு ஸ்டேஜாம்" என்று அழுதுகொண்டு வருவார்கள், பார்த்தால் கிரேடு 3 என்று இருக்கும். நிலையைத் தெரிந்துகொள்ள பயாப்ஸி மட்டும் போதாது. ஆழம் பார்க்க எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டு, உள்ளே பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன். அதையெல்லாம்விட முக்கியம், தொடை இடுக்கு.

நெறி கட்டினால்: வடிகால் கணக்கு

இந்த நோயில் உயிரோடு இருப்பதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆணுறுப்பில் இருக்கும் புண் அல்ல, தொடை இடுக்கு. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

டெல்டாக்காரனுக்கு வடிகாலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றிலோ அரசலாற்றிலோ வந்து, வாய்க்கால் வழியாக மடையில் பாயும் தண்ணீர் ஒன்று. வயலில் மிஞ்சி, வடிகாலில் இறங்கி, கடலைப் பார்த்துப் போகும் தண்ணீர் இன்னொன்று. உடம்பிலும் இரண்டு ஏற்பாடு உண்டு. ரத்தம் பாசன வாய்க்கால். ரத்தக் குழாயிலிருந்து கசிந்து, திசுக்களில் மிஞ்சிய நீரை வாரிக்கொண்டு போகும் மெல்லிய குழாய்கள் வடிகால். அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். வடிகாலில் ஆங்காங்கே மதகு இருப்பதுபோல நிணநீர்ப் பாதையில் அவரை விதை அளவில் சிறு சிறு உருண்டைகள் உண்டு. அவைதான் நிணநீர்க் கணுக்கள். வருகிற அழுக்கை, கிருமியைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை.

சேற்றில் நின்று காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறி இதுதான். காலின் வடிகாலும் ஆணுறுப்பின் வடிகாலும் ஒரே மதகுக்குத்தான் வந்து சேர்கின்றன. நம் ஊரில் சிக்கலே அங்கேதான். நடவு நட்டவர்களுக்கு, சேற்றுப்புண் கண்டவர்களுக்கு நெறி கட்டுவது புதிதல்ல. "கால் புண்ணுக்கு நெறி கட்டிருக்கு, சுண்ணாம்பு தடவு" என்று விட்டுவிடுவார்கள். சித்தப்பாவும் வலது இடுக்கில் கட்டியிருந்ததை அப்படித்தான் நினைத்தார்.

இப்போது வடிகாலில் ஆகாயத்தாமரையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு குட்டையில் பெருகுகிறது. ஒரு சிறு கொத்து பிய்த்துக்கொண்டு நீரோடு மிதந்து வருகிறது. முதல் மதகில் சிக்கி நிற்கிறது. நின்ற இடத்தில் அதுவே பெருகி, மதகை அடைத்து, மீறிப் போய் அடுத்த மதகைப் பிடிக்கிறது. ஆணுறுப்புப் புற்றுநோய் பரவுவது ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான்: முதலில் தொடை இடுக்குக் கணு, பிறகு அடிவயிற்றுக்குள் இருக்கும் கணு, அதற்கும் பிறகுதான் நுரையீரல் போன்ற தூர இடங்கள். முதல் மதகைத் தாண்டாமல் இரண்டாவதுக்குப் போவது அபூர்வம். புண் ஒரு பக்கம் இருந்தாலும் வடிகால் இரண்டு பக்கமும் போகும் என்பதால் இரண்டு இடுக்கையும் பார்ப்பார்கள்.

படிப்படியாகப் போகும் இந்த ஒழுங்கு நமக்கு ஒரு வரம். வழியிலேயே மறிக்க அவகாசம் கிடைக்கிறது. தொடை இடுக்குக் கணுவில் நோய் எட்டாத நிலையில் சிகிச்சை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். அடிவயிற்றுக் கணு வரை போய்விட்டால் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒருவருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த மிகப் பெரிய வித்தியாசம், ஒரு மனிதர் எத்தனை மாதம் வெட்கப்பட்டார் என்பதில் வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கட்டி கையில் தட்டுப்பட்டால் அது வெறும் தொற்றாகவும் இருக்கலாம், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முன்பெல்லாம் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து வற்றுகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது காத்திருக்காமல், மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுச் செல்களை உறிஞ்சி உடனே பரிசோதித்துவிடுகிறார்கள். சித்தப்பாவுக்கு அதில்தான் தெரிந்தது, வலது பக்கக் கணுவுக்கு நோய் போய்விட்டது என்று.

எதுவும் தட்டுப்படாவிட்டாலும் நிம்மதியாகிவிட முடியாது. அப்படிப்பட்டவர்களில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குக் கண்ணுக்கும் கைக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் உள்ளே தங்கியிருக்கும். அதனால் புண் ஆழமாகவோ முரட்டுத் தரமாகவோ இருந்தால் காவல் கணுப் பரிசோதனை செய்கிறார்கள். சாயத்தையும் மிக லேசான கதிரியக்கப் பொருளையும் புண்ணுக்கு அருகில் செலுத்தி, அது முதலில் எந்தக் கணுவில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து, அந்தக் கணுவை மட்டும் எடுத்துச் சோதிப்பது. தண்ணீரில் சாயத்தைக் கலந்துவிட்டு எந்த மதகில் முதலில் நிறம் தெரிகிறது என்று பார்ப்பது மாதிரி. முதல் மதகு சுத்தமாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளவையும் பெரும்பாலும் சுத்தம்தான். இந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. இல்லாத இடத்தில் மேலோட்டமான கணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள்.

சுருக்கமாக: புண்ணுக்கு பயாப்ஸி, இடுக்குக்கு ஊசி அல்லது காவல் கணு. இரண்டும் தெரிந்தால்தான் நோய் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

சிகிச்சை: எல்லோருக்கும் வெட்டி எடுப்பதில்லை

தோலின் மேல்படலத்தைத் தாண்டாத நிலையில் தடவும் மருந்தே போதும். இது மருந்துக்கடைக் களிம்பு அல்ல, புற்றுசெல்லை அழிக்கும் மருந்து, டாக்டர் கண்காணிப்பில் தடவுவது. லேசரும் உண்டு. முன்தோலில் மட்டும் இருந்தால் சுன்னத்து செய்வதுபோல முன்தோலை எடுத்துவிடுவதோடு முடிந்துவிடலாம். மொட்டின் மேல்தோலில் மட்டும் இருந்தால் அந்தத் தோலை உரித்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் போர்த்துகிறார்கள்.

சிறிய புண்ணாக இருந்தால் கதிரியக்கத்தாலும் குணப்படுத்த முடியும். வெளியிலிருந்து பாய்ச்சுவது ஒரு வகை. புண் இருக்கும் இடத்துக்குள்ளேயே மெல்லிய குழாய்களை வைத்துக் கதிர் கொடுப்பது இன்னொரு வகை, இதைப் பிராக்கிதெரபி என்பார்கள். 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த, மொட்டோடு நிற்கும் புண்ணுக்கு இது நல்ல வழி.

பஞ்சுத் திசுவுக்குள் இறங்கிவிட்டால் அறுவைதான் உறுதியானது. மொட்டை மட்டும் எடுப்பது, உறுப்பின் ஒரு பகுதியை எடுப்பது, முழுவதையும் எடுப்பது என்று படிப்படியாகப் போகும். கோரைக்கிழங்கைச் சுற்றி மண்ணோடு தோண்டுவதுபோலப் புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள். முன்பு அந்த ஓரம் 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி. சில மில்லிமீட்டர் சுத்தமான ஓரமே பெரும்பாலும் போதும் என்று இப்போது தெரிந்திருப்பதால், முன்பு முழுவதும் இழந்திருக்கக் கூடிய பலருக்கு இன்று ஒரு பகுதியாவது மிஞ்சுகிறது. சித்தப்பாவுக்கு ஒரு பகுதிதான் எடுத்தார்கள்.

கணுவில் நோய் உறுதியானால் இடுக்கில் உள்ள கணுக்களையும் எடுத்துவிட வேண்டும். அவருக்கு இரண்டு பக்கமும் எடுத்தார்கள். வலது பக்கம் ஒரே ஒரு கணுவில்தான் நோய் இருந்தது. கணுக்கள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் முதலில் கீமோதெரபி, அதாவது ரத்தத்தில் ஏற்றும் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை செய்வார்கள். உடம்பின் தூர இடங்களுக்குப் போயிருந்தாலும் கீமோதான்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸியில் உறுதியான பிறகு "மூணு மாசம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்" என்று யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். மூன்று மாதத்தில் ஆகாயத்தாமரை எத்தனை மதகு தாண்டும் என்று கேட்டேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அப்புறம் வாழ்க்கை

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு வார்டில் அவர் என்னிடம் கேட்டது உயிரைப் பற்றி அல்ல. "இனிமே நான் ஆம்பளையா?" என்றார். அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ரவுண்டில் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார். ஆண்மைக்கு வேண்டிய ஹார்மோன் விரைகளில்தான் சுரக்கிறது. விரைகளைத் தொடப்போவதில்லை. குரல் மாறாது, மீசை உதிராது, ஆசையும் போகாது. ஒரு பகுதி மிஞ்சியவர்களில் பலருக்கு விறைப்பும் உணர்ச்சியும் உடலுறவும் சாத்தியம்தான், முன்பு போலவே இருக்காது என்பது மட்டும் உண்மை. அதைக் கணவனும் மனைவியுமாக டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். சித்தியையும் கூப்பிட்டுத்தான் பேசினார். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று சொன்னதோடு, எச்.பி.வி. வைரஸ் இருவருக்கும் பொதுவாக இருக்கக்கூடும் என்பதால் சித்தியும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சொன்னார். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள்.

மிஞ்சிய பகுதி போதுமான நீளம் இருந்தால் நின்றுகொண்டே சிறுநீர் கழிக்கலாம், சிலருக்குத் தெறிக்கும். முழுவதும் எடுக்க நேர்ந்தால் விரைப்பைக்குப் பின்னால் புதிதாகச் சிறுநீர் வழி அமைத்துவிடுவார்கள், உட்கார்ந்துதான் போக வேண்டும். அடக்கும் சக்தி போகாது, பை எதுவும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சித்தப்பாவுக்கு அதிகம் தொல்லை கொடுத்தது கால்தான். மதகை எடுத்துவிட்டால் வடிகால் நீர் எங்கே போகும்? காலில் தேங்கும். வலது கால் வீங்கியதும் ஊரில் "யானைக்கால் வந்திருச்சு" என்றார்கள். நம் பகுதியில் அந்தப் பேச்சு வருவது இயல்பு, கும்பகோணத்தையும் யானைக்காலையும் சேர்த்துச் சொல்லும் காலம் ஒன்று இருந்தது. யானைக்காலில் கொசு கொண்டுவரும் புழு நிணநீர் வடிகாலைக் கெடுக்கிறது. இங்கே அறுவையில் வடிகால் போய்விட்டது. வீக்கத்தின் கணக்கு ஒன்று, நோய் வேறு. இறுக்கமான மருத்துவக் காலுறை போட்டுக்கொள்வதும் படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பதும் உதவும். எல்லாவற்றுக்கும் மேல் காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் இப்போது சேற்றில் இறங்குவதில்லை. வரப்பில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்று வேலை வாங்குகிறார். முதல் வருஷம் அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

கண்டுபிடிக்கும் வேலை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள் என்று பக்கத்திலேயே தொடங்கிவிடலாம். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், புற்றுநோய் சிகிச்சையும் அதில் வரும். குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று மூன்றையும் முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதற்காக மட்டும் இரண்டு நாள் வீணானது.

சிகிச்சை முடிந்ததும் முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் வரும். அதற்குப் பிறகு இடைவெளி கூடும், ஐந்து வருஷம் வரையாவது விடக் கூடாது. இடையில் தானே தடவிப் பார்த்துக்கொள்ள டாக்டர் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: இரண்டு இடுக்கிலும் மூன்று விரலைப் படிய வைத்து, மெல்ல வட்டமாக உருட்டி, கெட்டியாக ஏதாவது நழுவுகிறதா என்று. நாள் மறக்காமல் இருக்க அவர் சனிக்கிழமையை வைத்துக்கொண்டார். எண்ணெய் தேய்த்த கையோடு மோட்டார் கொட்டகையில் பார்த்துவிட்டு, குளித்துவிட்டு, சித்தி வெளுத்து வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறார்.